டிடிசி சிப்பில் தாமதம்: எது கணக்கில் சேரும், எது சேராது

டிடிசி (டைம்-டு-டிஜிட்டல் கன்வெர்ட்டர், அதாவது நேரத்தை எண்ணாக மாற்றும்) சிப்பை முதல் தடவை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என் மைக்ரோகன்ட்ரோலர் ஒரு காலின் மின்னழுத்தத்தை மேலே தூக்கிக் கீழே இறக்கவே நூறு நானோ விநாடிக்கு மேல் ஆகிறது. எஸ்.பி.ஐ. (சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒயர் இணைப்பு) வழியாக விடையைப் படிக்க இன்னும் பல மைக்ரோ விநாடி. இவ்வளவு மெதுவான ஆளை வைத்துக்கொண்டு பிக்கோ விநாடியை எப்படி அளப்பது?"

நியாயமான கேள்விதான். நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, பிக்கோ விநாடி அதிலும் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் பயப்பட வேண்டிய தாமதம் அது இல்லை. மென்பொருளில் போகும் மைக்ரோ விநாடிகள் விடையைத் தொடுவதே இல்லை. நாம் கண்டுகொள்ளாமல் விடும் பத்து சென்டிமீட்டர் ஒயர்தான் விடையைக் கெடுக்கிறது. நானும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மூன்று நாள் நிரலைத் திருத்தித் திருத்தி வேகப்படுத்தியிருக்கிறேன். விடை ஒரு பிக்கோ விநாடிகூட மாறவில்லை. அந்த மூன்று நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரை முழுக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிடிசி7200 என்ற சிப்பை வைத்துத்தான். தனியாளாக வாங்கிச் சோதிக்க ஏற்றது, பயன்பாடும் எளிது. வேறு டிடிசி வைத்திருந்தாலும் தாமதக் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் சிப் என்ன செய்கிறது என்று பார்ப்போம்

ஸ்டார்ட் என்ற காலில் ஒரு துடிப்பு வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டாப் என்ற காலில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதை எண்ணாக மாற்றித் தருவது மட்டுமே இந்தச் சிப்பின் வேலை. உள்ளே ஒரு வளைய ஆசிலேட்டர் (துடிப்பு வளையமாகச் சுற்றி ஓடும் சுற்று) இருக்கிறது. ஸ்டார்ட் வந்ததும் ஓட ஆரம்பிக்கும், ஸ்டாப் வந்ததும் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளும். ஒரு எண்ணிக்கையின் மதிப்பு சுமார் 55 பிக்கோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி 1.65 செ.மீ. போகும். நம் கட்டை விரல் அகலத்தைவிடக் குறைவு.

இதிலிருந்தே பாதி விஷயம் புரிந்துவிடும். நேரத்தை அளப்பது சிப். மைக்ரோகன்ட்ரோலர் அளந்து முடித்த விடையை வாங்கிப் போக வருகிற ஆள், அவ்வளவுதான். அவர் தாமதமாக வந்தாலும் விடை சிப்பின் பதிவேட்டில் (ரிஜிஸ்டரில்) அப்படியே காத்திருக்கும்.

ஆகவே எந்தத் தாமதத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஸ்டார்ட் துடிப்பின் பாதையிலோ ஸ்டாப் துடிப்பின் பாதையிலோ வருகிறதா? வந்தால் அது கணக்கில் சேரும். இல்லையென்றால், எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அளவீட்டின் வேகத்தைத்தான் குறைக்கும், துல்லியத்தை இல்லை.

பாதையில் வருகிற தாமதமும் முழுதாகச் சேராது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் ஆசிரியர், தொடக்கத்தில் கால் விநாடி தாமதமாக அமுக்கி, முடிவிலும் அதே கால் விநாடி தாமதமாக அமுக்கினால் விடை சரியாகத்தான் வரும். இரண்டு பாதைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே பிழையாகிறது.

வேண்டிய பொருள்கள்

டிடிசி7200 சிப்புக்கு 14 கால்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி 0.65 மி.மீ. அதனால் அடாப்டர் போர்டில் பற்றவைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குக் கிளாக் தர 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர் ஒன்று, நான்கு காலுள்ள உலோக டப்பா வகை, 3.3 வோல்ட்டில் ஓடுவது. 74ஏசி14 என்ற இன்வெர்ட்டர் சிப் ஒன்று (உள்ளே இருக்கும் ஒவ்வொரு கேட்டும் உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும்). 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று. ராஸ்பெர்ரி பை பிக்கோ போதும் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்). அப்புறம் கேபிள் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 கோஆக்ஸ் ஒயர், 5, 10, 15 மீட்டர் என மூன்று துண்டுகள். மின்சாமான் கடையிலேயே கிடைக்கும். ஒரு மீட்டரைக் கடக்கத் துடிப்புக்குச் சுமார் 4 நானோ விநாடி ஆகும். இந்த ஒயரைத்தான் நாம் அளக்கப் போகிறோம்.

பழைய ஆர்டுயினோ ஊனோதான் இருக்கிறது என்றால் கவனம். அது 5 வோல்ட், சிப் தாங்குவது 3.6 வோல்ட் வரைக்கும்தான். லெவல் ஷிஃப்டர் என்று சின்ன சிவப்பு போர்டு ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எஸ்.பி.ஐ. ஒயர்களுக்கு மெதுவான வேகத்தில் அது பரவாயில்லை. ஸ்டார்ட், ஸ்டாப் துடிப்பை மட்டும் அதன் வழியாக அனுப்பிவிடாதீர்கள். அதில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் துடிப்பின் விளிம்பை (மின்னழுத்தம் ஏறும் பகுதியை) மேலே இழுக்கிறது. எதிரே 50 பிக்கோ ஃபாரட் இருந்தால்கூட விளிம்பு எழும்பும் கால அளவு 500 நானோ விநாடி. நாம் அளக்க வந்ததே 50 நானோ விநாடி!

கிளாக்கையும் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து கடன் வாங்காதீர்கள். ஊனோவில் ஏடிமெகா சிப்புக்கு இருப்பது செராமிக் ரெசனேட்டர், கிரிஸ்டல் அளவுக்குத் துல்லியம் கிடையாது. தனி ஆசிலேட்டர் பெரிய செலவும் இல்லை.

இணைப்பு

மின்வழங்கல் காலுக்கு ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட், வி-ரெக் என்ற காலுக்கு 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். இரண்டும் சிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். அளந்து முடித்ததைத் தெரிவிக்கும் இன்டரப்ட் கால் ஓப்பன் டிரெயின் வகை (கீழே மட்டும் இழுக்கும், தானாக மேலே போகாது) என்பதால், ஒரு 10 கிலோ ஓம் வைத்து 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். இதை மறந்தால் சிப் அளந்து முடித்தும் உங்களுக்குத் தெரியாது.

துடிப்புப் பாதை இப்படி: மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு கால் 74ஏசி14-இன் முதல் கேட்டுக்குப் போகிறது. அதன் வெளியீடு அதே சிப்பின் இரண்டாம், மூன்றாம் கேட்டுகளுக்குப் பிரிகிறது. இரண்டு தடவை தலைகீழாவதால் ஏறும் விளிம்பு ஏறும் விளிம்பாகவே வெளியே வரும். இரண்டாவது கேட்டிலிருந்து நேராக ஸ்டார்ட். மூன்றாவதிலிருந்து 62 ஓம் ரெசிஸ்டர், அப்புறம் ஆர்.ஜி.6 கேபிள், கேபிளின் மறுமுனை ஸ்டாப்.

அந்த 62 ஓம் எதற்கு? கேட்டின் உள் தடையோடு சேர்ந்து சுமார் 75 ஓம் ஆகி, கேபிளின் 75 ஓமுக்குப் பொருந்துகிறது. மறுமுனையில் பட்டுத் திரும்பி வரும் அலை இங்கே வந்து அடங்கிவிடும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் அலை முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டாப் காலில் படிக்கட்டு மாதிரி வடிவம் வரும். சிப் எந்தப் படியில் விழித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. கேபிளின் கடைசியில் 75 ஓமைத் தரைக்கு (கிரவுண்டுக்கு) வைக்கிற பழக்கம் இருந்தால், இங்கே அதைச் செய்ய வேண்டாம். மின்னழுத்தம் பாதியாகிவிடும்.

கோஆக்ஸின் மேல்வலையை இரண்டு முனையிலும் தரையோடு சேருங்கள். பிரெட்போர்டில் செய்தால் விடை வரும், ஆனால் நம்ப முடியாது. ஒயரைத் தொட்டாலே மாறும். செப்புப் பரப்புள்ள வெற்று போர்டில், தரையில் ஒட்டியபடி பற்றவைத்தால் போதும், அச்சிட்ட போர்டு அவசியமில்லை. போர்டு அச்சிடுகிறீர்கள் என்றால் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: சாதாரண எஃப்ஆர்4 போர்டின் மேல்புறத் தடத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 55 முதல் 60 பிக்கோ விநாடி. அதாவது தடம் ஒரு சென்டிமீட்டர் நீண்டால் சிப்பின் ஒரு எண்ணிக்கை.

சிப்பை எழுப்புதல்

மின்சாரம் கொடுத்ததும் எனேபிள் காலைக் கீழே வைத்திருந்து, பிறகு மேலே தூக்க வேண்டும். அந்த ஏறும் விளிம்பில்தான் சிப் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. நேராக 3.3 வோல்ட்டில் கட்டிவிட்டு "சிப் செத்துப்போய்விட்டது" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. தூக்கியபின் உள்ளே இருக்கும் மின்னழுத்தச் சீராக்கி அமைதியாவதற்கு நேரம் கொடுங்கள். நான் 2 மில்லி விநாடி விடுகிறேன். இந்தத் தாமதம் நாமே வேண்டி விரும்பிச் சேர்ப்பது.

இனி எஸ்.பி.ஐ. முகவரிகளைப் பதினாறடிமானத்தில் எழுதுவது வழக்கம், இங்கே சாதாரண எண்ணிலேயே தருகிறேன். எழுதுவதற்கு முகவரியோடு 64-ஐக் கூட்டி அனுப்ப வேண்டும். படிப்பதற்கு முகவரியை மட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் சிப் செலக்ட் காலை இறக்கி, முடிந்ததும் ஏற்ற வேண்டும்.

முதல் சோதனையாக, முகவரி 1-ஐப் படித்துப் பாருங்கள். எதையும் எழுதுவதற்கு முன் அதில் 64 இருக்க வேண்டும். 0 அல்லது 255 வந்தால் ஒயரிங் தப்பு, மேலே போகாதீர்கள். அந்த 64-க்கு அர்த்தம், அளவுத்திருத்தத்துக்கு (கேலிபிரேஷனுக்கு) 10 கிளாக் சுற்று எடுத்துக்கொள் என்பது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

அளக்கச் சொல்ல முகவரி 0-வில் எழுத வேண்டும்: 64, பிறகு 1. இது முதல் முறைக்கு, அதாவது 12 முதல் 500 நானோ விநாடி வரை அளப்பதற்கு. நமது கேபிள் இதற்குள் அடங்கும். இரண்டாம் முறைக்கு 1-க்குப் பதில் 3. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த இடத்தில் புதியவர்கள் வழுக்குவார்கள். கட்டளை கிடைத்த உடனே சிப் தயாராகிவிடாது. தயாரானதும் ட்ரிக் என்ற காலில் ஒரு விளிம்பைத் தந்து தெரிவிக்கும். அதற்கு முன் வருகிற ஸ்டார்ட்டைச் சிப் பொருட்படுத்தாது. ஆகவே ட்ரிக் மேலே போகும்வரை காத்திருந்து, அப்புறம் துடிப்பை அனுப்புங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் கட்டளையை மறுபடி எழுத வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு நின்றுபோனால் காரணம் இதுதான்.

விடையைப் படித்தல்

இன்டரப்ட் கால் கீழே இறங்கியதும் மூன்று பதிவேடுகளைப் படியுங்கள்: முகவரி 16-இல் டைம்1, 27-இல் கேலிபிரேஷன்1, 28-இல் கேலிபிரேஷன்2. ஒவ்வொன்றும் மூன்று பைட். அதில் மேல் பிட் பிழை சோதனைக்கானது, மீதி 23 பிட்தான் எண்.

உதாரணத்துக்கு கேலிபிரேஷன்1 = 2274, கேலிபிரேஷன்2 = 22735, டைம்1 = 912 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் எண் ஒரு கிளாக் சுற்றை வளைய ஆசிலேட்டர் அளந்தது, இரண்டாவது 10 சுற்றை அளந்தது. இரண்டையும் கழித்தால் 20461. ஒன்பதால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 2273.44 எண்ணிக்கை. 8 மெகாஹெர்ட்ஸின் ஒரு சுற்று 125 நானோ விநாடி. ஆகவே ஒரு எண்ணிக்கை 125 ÷ 2273.44, அதாவது 54.98 பிக்கோ விநாடி. 912-ஐ அதனால் பெருக்கினால் 50.14 நானோ விநாடி.

ஏன் ஒரு சுற்றை மட்டும் அளக்காமல் கழித்தல் வேலை? ஆசிலேட்டரைத் தொடங்கி நிறுத்துவதில் உள்ளேயே ஒரு சின்ன நிலைத் தாமதம் இருக்கும். அது இரண்டு எண்ணிலும் சமமாக இருப்பதால் கழிக்கும்போது காணாமல் போகிறது. அதே ஓட்டப்பந்தயத் தந்திரம்தான், சிப்புக்குள்ளேயே.

55 என்று நிலையான எண்ணை நிரலில் போட்டுவிட்டு அளவுத்திருத்தப் பதிவேடுகளைப் படிக்காமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைய ஆசிலேட்டரின் வேகம் வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். காலையில் ஒரு விடை, மே மாத மத்தியானத்தில் வேறொரு விடை என்று ஆகிவிடும். ஒவ்வொரு அளவீட்டிலும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

இப்போது அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ட்ரிக் வந்ததற்கும் நீங்கள் துடிப்பு அனுப்புவதற்கும் நடுவில் நிரலில் 100 மைக்ரோ விநாடி தாமதம் சேருங்கள். விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்டரப்ட் வந்தபின் படிப்பதற்கு முன் அரை விநாடி தூங்க விடுங்கள். எஸ்.பி.ஐ. வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். மூன்றிலும் விடை அதேதான் வரும். வழக்கமான சிதறல் மட்டும் இருக்கும். இந்தச் சிப்புக்கு அது சுமார் 35 பிக்கோ விநாடி திட்ட விலக்கம். சரி, மென்பொருளைப் பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிட்டுக் கேபிளுக்குப் போவோம்.

மூன்று கேபிள், ஒரு கோடு

5 மீட்டர், 10 மீட்டர், 15 மீட்டர் துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டி, தலைக்கு நூறு அளவீடு எடுத்துச் சராசரி பாருங்கள். 23.6, 43.7, 63.8 நானோ விநாடி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டருக்கு 20.1 கூடுகிறது, அதாவது மீட்டருக்கு 4.02. அப்படியானால் 5 மீட்டருக்கு 20.1-தானே வந்திருக்க வேண்டும்? 23.6 எப்படி வந்தது?

அந்த மீதி 3.5 நானோ விநாடிதான் உங்கள் போர்டின் சொந்தத் தாமத வித்தியாசம். இரண்டு கேட்டுக்கும் உள்ள சின்ன வேறுபாடு, 62 ஓமும் ஸ்டாப் காலின் கொள்ளளவும் சேர்ந்து விளிம்பை மழுக்கியது, கனெக்டர், ஒயர்த் துண்டு எல்லாம் அதில் அடக்கம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவசியமே இல்லை. மொத்தமாகக் கழித்தால் போதும்.

வரைபடத் தாளில் நீளத்தைக் கீழேயும் நேரத்தைப் பக்கவாட்டிலும் குறித்து ஒரு கோடு இழுத்தால், கோட்டின் சாய்வு கேபிளைச் சொல்லும், கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் உங்கள் போர்டைச் சொல்லும். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் விளிம்பு கெட்டிருக்கிறது, அல்லது அலை திரும்பி வருகிறது. கேபிளின் நீளத்தைக் கடைக்காரர் சொன்னபடி நம்பியிருந்தாலும் அப்படி ஆகலாம். டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அரை மீட்டர் குறைந்தால் 2 நானோ விநாடி போய்விடும்.

சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு தடவை அளந்து சராசரி எடுத்தால் 35 பிக்கோ விநாடிச் சிதறல் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். 3.5 நானோ விநாடி நிலைத் தாமதமோ லட்சம் தடவை அளந்தாலும் அப்படியே நிற்கும். ஆயிரம் மடங்கு பெரியது அதுதான். ஆனாலும் பலர் சிதறலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

பன்னிரண்டு நானோ விநாடி வாசல்

ஒரு மீட்டர் கேபிளை மாட்டிப் பாருங்கள். 4 + 3.5 = 7.5 வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. அபத்தமான எண் வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. ஸ்டார்ட் வந்து 12 நானோ விநாடிக்குள் வருகிற ஸ்டாப்பை இந்தச் சிப்பால் ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஸ்டாப் ஸ்டார்ட்டுக்கு முன்பே வந்தால் கேட்கவே வேண்டாம், அடுத்த ஸ்டாப்புக்காகச் சும்மா காத்திருக்கும்.

இதற்கு மருந்து இன்னொரு தாமதம். ஸ்டாப் பாதையில் பத்து மீட்டர் கோஆக்ஸைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டுவிடுங்கள், 40 நானோ விநாடி கிடைக்கும். அதன் மதிப்பை ஒரு தடவை அளந்து, எல்லா விடையிலிருந்தும் கழியுங்கள். கேபிளுக்குப் பதில் நாலைந்து கேட்டுகளை வரிசையாக வைத்தோ, ரெசிஸ்டர் கெபாசிட்டர் வைத்தோ தாமதம் உண்டாக்கலாமே என்று தோன்றும். இடம் மிச்சமாகும்தான். ஆனால் கேட்டின் தாமதம் வெப்பத்தோடும் மின்னழுத்தத்தோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். ரெசிஸ்டர் கெபாசிட்டர் அதைவிட மோசம், விளிம்பையும் மழுக்கும். கேபிள் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஸ்டாப் வராமல் போனால் எண்ணி நிரம்பியதும் சிப் இன்டரப்டை இறக்கிவிடும். அதை நல்ல விடை என்று நினைத்துப் படித்துவிடக் கூடாது. முகவரி 2-இல் இருக்கும் நிலைப் பதிவேட்டைப் பார்த்தால் அளந்து முடித்ததா, நிரம்பி நின்றதா என்று தெரியும். அதை அழிக்க அந்தந்த பிட்டில் 1 எழுத வேண்டும், 0 எழுதினால் அழியாது.

மழுங்கிய விளிம்பு

இது கண்ணில் படாத தாமதம். சிப்புக்குத் துடிப்பு "வந்தது" என்பதன் அர்த்தம், மின்னழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியது என்பதுதான். விளிம்பு செங்குத்தாக இருந்தால் எல்லையை எங்கே வைத்தாலும் நேரம் மாறாது. சாய்வாக இருந்தால், துடிப்பின் உயரம் குறைந்தாலே எல்லையைத் தொட அதிக நேரம் ஆகும். துடிப்பு கிளம்பிய நேரம் மாறாமலேயே நாம் அளக்கும் நேரம் மாறிவிடும்.

2011 செப்டம்பரில் உலகமே இதைப் பார்த்தது, அப்போது யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கி.மீ. தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருந்த ஓபரா கருவிக்கு வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளியைவிடச் சுமார் 60 நானோ விநாடி முன்னதாக வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டாரா என்று செய்தித்தாள்கள் கேட்டன. அடுத்த ஆண்டு காரணம் வெளியே வந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கீழே கொண்டுவரும் ஒளியிழைக் கேபிளின் கனெக்டர் முழுதாகத் திருகப்படவில்லை. ஒளி குறைவாக விழுந்ததால் மறுமுனையின் சுற்று எல்லையைத் தொட அதிக நேரம் எடுத்தது. சுமார் 73 நானோ விநாடித் தாமதம். அந்தத் தாமதத்தால் அங்கிருந்த கடிகாரம் பின்தங்கியது, நியூட்ரினோ முந்தியது போலத் தெரிந்தது. எதிர்த்திசையில் இன்னொரு சிறிய கடிகாரப் பிழையும் இருந்தது. கேபிள் அறுந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். பாதி வேலை செய்ததால்தான் அவ்வளவு நாள் ஒளிந்திருந்தது.

நம் மேசைக்கு வருவோம். 3.3 வோல்ட்டை 10 நானோ விநாடியில் ஏறும் விளிம்பில், 50 மில்லி வோல்ட் இரைச்சல் இருந்தால் நேரம் 150 பிக்கோ விநாடி ஆடும், கிட்டத்தட்ட மூன்று எண்ணிக்கை. அதே விளிம்பு 2 நானோ விநாடியில் ஏறினால் ஆட்டம் 30 பிக்கோ விநாடிதான். ஆகவே வெளியிலிருந்து வரும் எந்தத் துடிப்பையும் வேகமான ஒரு பஃபர் வழியாகக் கூர்மையாக்கி உள்ளே விடுங்கள். ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் ஒரே வகை பஃபர், முடிந்தால் ஒரே சிப்பின் இரண்டு கேட்டுகள். வெப்பத்தால் இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் வித்தியாசம் பெரிதாக மாறாது.

மீயொலி அலையை வைத்து நீரோட்டம் அளக்கும் மீட்டர்களில் இந்த யோசனைதான் இருக்கிறது. நீரோட்டத்தின் திசையில் ஒரு தடவை, எதிர்த்திசையில் ஒரு தடவை அளந்து கழிக்கிறார்கள். மின்சுற்றின் தாமதம் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது.

நீண்ட நேரம் அளக்கும்போது

500 நானோ விநாடிக்கு மேல் என்றால் இரண்டாம் முறை. இங்கே வளைய ஆசிலேட்டர் முழு நேரமும் ஓடாது. ஸ்டார்ட்டிலிருந்து அடுத்த கிளாக் விளிம்பு வரை ஒரு தடவை (டைம்1), ஸ்டாப்பிலிருந்து அடுத்த கிளாக் விளிம்பு வரை ஒரு தடவை (டைம்2) ஓடும். நடுவில் எத்தனை கிளாக் சுற்று என்பதைத் தனியாக எண்ணும். சுற்று எண்ணிக்கையை 125-ஆல் பெருக்கி, டைம்1-ஐக் கூட்டி டைம்2-ஐக் கழித்தால் விடை. சுற்று எண்ணும் பதிவேடு முகவரி 17, டைம்2 முகவரி 18. அதிகபட்சம் 65535 சுற்று என்பதால் 8 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8.19 மில்லி விநாடி வரை அளக்கலாம். 16 மெகாஹெர்ட்ஸ் போட்டால் அது பாதியாகிவிடும்.

நிரலில் ஒரு பொறி உண்டு. டைம்1 மைனஸ் டைம்2 எதிர்ம எண்ணாகவும் வரும். குறியில்லாத 32 பிட் மாறியில் கழித்தால், பாதி அளவீடுகள் சரியாகவும் மீதிப் பாதி பிரம்மாண்டமான எண்ணாகவும் வந்து மண்டையைக் குழப்பும். குறியுள்ள மாறி போடுங்கள்.

இந்த முறையில்தான் கிளாக்கின் தரம் தலைதூக்குகிறது. 8000 சுற்று, டைம்1 = 1850, டைம்2 = 620 என்று வைத்தால் விடை 1,000,067.63 நானோ விநாடி. அந்த .63-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன், ஆசிலேட்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை உள்ள சாதாரண வகை என்றால், ஒரு மில்லி விநாடியில் 50 நானோ விநாடி தப்பலாம். கடைசி நான்கு இலக்கம் அலங்காரத்துக்குத்தான். பத்து லட்சத்தில் ஒரு பங்கு துல்லியமுள்ள, வெப்ப ஈடு செய்த ஆசிலேட்டர் போட்டாலும் ஒரு நானோ விநாடி. இதே 50 பங்குப் பிழை நம் 50 நானோ விநாடிக் கேபிள் அளவீட்டில் வெறும் 2.5 பிக்கோ விநாடி. ஆகவே குறுகிய நேரத்துக்கு ஒயரைக் கவனியுங்கள், நீண்ட நேரத்துக்குக் கிளாக்கைக் கவனியுங்கள்.

இரண்டு தனித்தனி மூலங்கள் என்றால்

ஜிபிஎஸ் கருவியின் விநாடித் துடிப்பையும் உங்கள் சொந்த ஆசிலேட்டரின் விநாடித் துடிப்பையும் ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே கேபிள் நீளத்தை மாற்றிக் கோடு இழுக்கிற வசதி கிடையாது. முதல் வேலையாக, ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு கேபிளின் முனையிலும் கொடுத்து அளந்துவிடுங்கள். ஸ்டாப் பக்கத்தில் அந்தப் பத்து மீட்டர் சுருள் இருக்கட்டும். வருகிற எண்தான் உங்கள் பூஜ்யம். இனி எல்லா அளவீட்டிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும்.

பூஜ்யத்தைச் சரிபார்க்க ஒரு வழி, மூலங்களை இடம் மாற்றுவது. முதலில் ஜிபிஎஸ் ஸ்டார்ட்டில், உங்களுடையது ஸ்டாப்பில்: 58.2 என்று வருகிறது. பிறகு கேபிள்களை அசைக்காமல் மூலங்களை மட்டும் மாற்றி மாட்டுகிறீர்கள்: 29.0. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 43.6, அது கேபிள் சுருளும் போர்டும் சேர்ந்த தாமதம். கழித்துப் பாதியாக்கினால் 14.6, அதுதான் இரண்டு துடிப்புக்கும் உள்ள உண்மையான இடைவெளி. இரண்டு விடையும் 12-க்கு மேல் இருக்கும்வரைதான் இது நடக்கும். இடைவெளி பெரிதென்றால் சுருளை நீளமாக்குங்கள். நடுவில் உங்கள் ஆசிலேட்டர் நகர்ந்துவிடாமல் சீக்கிரம் மாற்றுவதும் முக்கியம்.

ஜிபிஎஸ் ஆன்டெனா மாடியில் இருந்தால் அந்தக் கேபிளின் தாமதமும் உண்டு. இருபது மீட்டர் ஆர்.ஜி.58 என்றால் மீட்டருக்கு 5 வீதம் 100 நானோ விநாடி. அதை டிடிசி பக்கத்தில் கழிப்பதைவிட, பல ஜிபிஎஸ் கருவிகளில் இருக்கும் கேபிள் தாமத அமைப்பில் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு இடத்திலும் கழித்துவிடாதீர்கள், அதுவும் நடக்கிறது.

இதையெல்லாம் நானே பற்றவைக்க முடியாது என்பவர்களுக்கு, டேப்பர் என்ற அமெரிக்க ஹாம் வானொலி அமைப்பின் டி.ஐ.சி.சி. என்ற போர்டு இருக்கிறது. இரண்டு டிடிசி7200 சிப்புகளோடு ஆர்டுயினோ மெகாவின் மேல் உட்காரும் போர்டு அது. அதிலும் ஒவ்வொரு சேனலுக்கும் கழிக்க வேண்டிய தாமதத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் ஒயரின் நீளம் போர்டு செய்தவருக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அளந்த ஒவ்வொரு கேபிளிலும் வெள்ளை டேப் ஒட்டி, அதன் தாமதத்தையும் அளந்த தேதியையும் பேனாவால் எழுதிவிடுங்கள். போர்டின் 3.5-ஐப் போர்டின் மேலேயே எழுதுங்கள். கனெக்டரை வெட்டி மாற்றினால் டேப்பைக் கிழித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.